சிறு விமானத்தில் எரிபொருட் கசிவு

நான்கு பேர் அமர்ந்து செல்லும் சிறு விமானத்தின் இறக்கை வெறும் இறக்கை அன்று. அது பெட்ரோல் தொட்டியும் ஆகும். செஸ்னா 172 எஸ் என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் விமானம் ஓட்டப் பயில்வோர் மிகுதியாகக் கையாளும் வகை இது. நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளிலும் இதனைக் காணலாம். இதன் இரண்டு இறக்கைகளும் சேர்ந்து ஏறத்தாழ 210 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். அதன் எடை சுமார் 150 கிலோ. அதாவது, வளர்ந்த ஆட்கள் இருவரின் எடை. இவ்வளவையும் உள்ளடக்கி நிற்பவை மெல்லிய அலுமினியத் தகடுகளும், அவற்றைப் பிணைக்கும் ரிவெட்டு ஆணிகளும், இணைப்புகளின் உட்புறத்தே பூசிய பசையுமே. விமானம் தரையிறங்கும் ஒவ்வொரு முறையும் இறக்கை அதிர்கிறது. பறக்கையில் வளைகிறது; வெயிலில் விரிகிறது; இரவில் சுருங்குகிறது. இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்தபின் எங்கேனும் ஒரு சொட்டு வெளிவருமாயின் அதில் வியப்பில்லை. அந்தச் சொட்டை எவ்வாறு மதிப்பிடுவது, எங்கே தேடுவது, எப்படி நிறுத்துவது என்பவற்றையே இங்கு ஆராய்வோம்.

நம்மில் பெரும்பாலோர் விமானம் வைத்திருப்பவர் அல்லர். ஆயினும், மும்பையில் ஜூஹு, பெங்களூருவில் ஜக்கூர், கொல்கத்தாவில் பேஹாலா, ஜாம்ஷெட்பூரில் சோனாரி ஆகிய இடங்களைச் சூழ்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிறு விமானங்களின் ஓசை புதிதன்று. நம்மவர் பிள்ளைகளில் சிலர் விமானிகளாகவும், சிலர் பராமரிப்புப் பொறியாளர்களாகவும் பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடங்களுள் இது ஒன்று. தொழில் அறியாதவரும் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவதாக, கசிவினால் வரும் தீங்கு யாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுமானால், ஒரு மணி நேரத்தில் கால் லிட்டருக்கும் குறைவாகவே வீணாகும். இருநூறு லிட்டரில் கால் லிட்டர் போவதைப் பெரிய நஷ்டம் என்று எவரும் சொல்லமாட்டார். அபாயம் போன பெட்ரோலில் இல்லை. அது மாறிய ஆவியில் இருக்கிறது. ஒரு தம்ளர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் முப்பது லிட்டருக்குக் குறையாத ஆவி உண்டாகும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை இந்த ஆவி கலந்திருந்தால், ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். கணக்கிட்டுப் பார்த்தால், அந்த ஒரு தம்ளர் பெட்ரோல் இரண்டு கன மீட்டர் காற்றைத் தீப்பற்றத் தக்கதாக மாற்றிவிடும். மேலும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழுந்து கலைந்துவிடாமல், தாழ்வான மூலைகளில் தேங்கிக் கிடக்கும். கார்த்திகை மாதக் குளிரிலும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, ஒரு கசிவை அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் கூடாது; இடத்தைக் கொண்டும் மதிப்பிட வேண்டும். திறந்த வெளியில், இறக்கையின் அடிப்புறத் தகட்டில் கசியும் பெட்ரோலைக் காற்று கொண்டுபோய்விடும். அதே அளவு பெட்ரோல் இயந்திர அறையிலோ, பயணிகள் அமரும் அறையிலோ, மூடுண்ட வேறோர் அறையிலோ கசிந்தால் ஆவி வெளியேற வழியில்லை. அங்கே சூடான புகைக்குழாய் உண்டு. மின் விசை உண்டு. மூடிய இடத்தில் உண்டாகும் கசிவு எத்தனை சிறிதாயினும், அதனைச் சீர்செய்த பின்னரே விமானம் பறக்கலாம் என்பது இத்துறையின் உறுதியான விதி.

திறந்த இடத்துக் கசிவை மதிப்பிட ஓர் அளவுமுறை உண்டு. கசிந்த இடத்தைத் துணியால் நன்கு துடைத்துவிட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மீண்டும் நனைந்த வட்டத்தின் குறுக்களவைப் பார்க்க வேண்டும். முக்கால் அங்குலத்திற்குள் அடங்கினால் அது கறை. முக்கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை பரவினால் கசிவு. ஒன்றரை முதல் நான்கு அங்குலம் வரை பரவினால் மிகுகசிவு. சொட்டாக விழுந்தாலோ, தகட்டின்மேல் வழிந்து ஓடினாலோ, தொட்ட விரலில் இறங்கினாலோ அது ஒழுக்கு. ஒழுக்குக் கண்ட விமானம் தரையை விட்டு எழும்பலாகாது. முதல் மூன்றில், விமானத்தின் பராமரிப்பு நூல் கூறுவதற்கேற்பக் கவனித்து வரலாம், அல்லது நாள் குறித்துச் சீர்செய்யலாம்.

கறையைக் காண்பதற்கு இயற்கை நமக்கு உதவவில்லையாயினும் எண்ணெய் நிறுவனங்கள் உதவியுள்ளன. சிறு விமானங்களில் பெரும்பாலும் பயன்படும் பெட்ரோல் 'அவ்காஸ் 100 எல்எல்' எனப்படும். இந்தியா இதனை நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே தருவித்து வந்தது. 2022ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத்தில் வடோதரா சுத்திகரிப்பு நிலையத்தில் தயாரித்து வெளியிடத் தொடங்கியது. இதற்கு நீலச் சாயம் ஊட்டுவது வழக்கம். பெட்ரோல் ஆவியாகிப் பறந்துவிடும். சாயம் தகட்டிலேயே தங்கிவிடும். எனவே வெள்ளை வர்ணம் பூசிய இறக்கையின் அடியில் நீலக் கோடு தென்பட்டால், இப்போது ஈரம் இல்லாவிடினும், அங்கே முன்பு கசிந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். இந்தப் பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருள் கலந்திருப்பதால், கையுறை இல்லாமல் இதனைத் தொட்டு அளைவது உடலுக்குக் கேடு.

கறை கண்டவுடன் தொட்டியே ஓட்டை என்று முடிவு கட்டிவிடுவது இயல்பு. அனுபவமுள்ள தொழிலாளர் அப்படிச் செய்யமாட்டார். எளிய காரணங்களை முதலில் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுப் பிறகே தொட்டிக்கு வருவார்.

அவற்றுள் முதலாவது, கசிவே அல்லாத கசிவு. காலையில் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் விரிவடையும். நூறு லிட்டர் பெட்ரோல் இருபது டிகிரி செல்ஷியஸ் சூடேறினால் ஏறத்தாழ இரண்டு லிட்டர் பெருகும். பெருகியது காற்றுக் குழாய் வழியே சொட்டும். செஸ்னா 172 வகையில் இக்குழாய் இடது இறக்கையின் கீழே, தாங்கு கம்பியின் அருகே இருக்கிறது. தொட்டியில் சற்று இடம் விட்டு நிரப்பினால் இது நின்றுவிடும்.

இரண்டாவது, தொட்டியின் அடியிலுள்ள வடிகால் வால்வு. பறப்பதற்கு முன், தண்ணீர் கலந்துள்ளதா என்று பார்க்க இவ்வால்வை அழுத்திச் சிறிது பெட்ரோலைப் பிடித்துப் பார்ப்பது வழக்கம். வால்வின் இருப்பிடத்தில் ஒரு மணல் துணுக்கு சிக்கினால், அது முழுதும் மூடாமல் சொட்டிக்கொண்டிருக்கும். சிலமுறை அழுத்தி விட்டால் துணுக்கு அடித்துச் செல்லப்படலாம். அதற்கும் நிற்காவிடில் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த வளையத்தின் விலை அற்பம். அதனை மாற்றாமல் விடுவதன் விலையோ அற்பமன்று.

மூன்றாவது, தொட்டியின் மூடி. பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. விமானத்தை உயர்த்தும் விசையின் ஒரு பகுதி அதனால் உண்டாவதே. மூடியின் ரப்பர் கெட்டிருந்தால், அந்தக் குறைந்த அழுத்தம் தொட்டியிலுள்ள பெட்ரோலை உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். தரையில் நிற்கும்போது ஒரு துளியும் கசியாத விமானம் வானத்தில் பெட்ரோல் இழப்பது இவ்வாறுதான். மூடிக்குப் பின்னால் நீண்டு செல்லும் நீலக் கோடு இதற்குச் சாட்சி. அதே கெட்டுப்போன ரப்பர், மழைக்காலத்தில் தண்ணீரை உள்ளேயும் விடும். மும்பை, கொல்கத்தா போன்ற பெருமழைப் பகுதிகளில் வெட்டவெளியில் நிற்கும் விமானத்திற்கு இது இரட்டைத் தீங்கு.

நான்காவது, இயந்திரத்தின் பக்கம். பெட்ரோல் வடிகட்டிக் கிண்ணத்தின் கேஸ்கெட் காய்ந்து போயிருக்கலாம். கார்புரேட்டரினுள் மிதவை சிக்கிக்கொண்டு பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கலாம். ரப்பர்க் குழாய் ஆண்டுகள் கடந்து இறுகி வெடித்திருக்கலாம். ஓர் உலோகக் குழாய் மற்றொன்றின்மேல் உராய்ந்து தேய்ந்திருக்கலாம். குழாய் இணைப்பில் கசிவு கண்டால், மேலும் மேலும் முறுக்குவது பெரும் பிழை. குழாயின் விரிந்த வாய் நசுங்கி விரிசல் காணும். குறித்த முறுக்களவுக்குமேல் போகாமல், அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கிப் பார்க்க வேண்டும். நிற்காவிடில் கழற்றிப் பழுதான பாகத்தை மாற்ற வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் சுற்றும் வெள்ளை டேப்பை இங்கே சுற்றுவதும் தகாது. அதன் துணுக்கு பிய்ந்து உள்ளே சென்றால், கார்புரேட்டரின் நுண்ணிய துவாரத்தை அடைத்து இயந்திரத்தை நிறுத்திவிடக்கூடும்.

இவையெல்லாம் கழிந்தபின் மிஞ்சுவது தொட்டி. சிறு விமானங்களில் தொட்டி மூவகைப்படும்.

ஒன்று, தனியே கழற்றி எடுக்கத்தக்க உலோகத் தொட்டி. பைப்பர் செரோக்கி விமானங்களிலும், பழைய செஸ்னா 172 விமானங்களிலும் இதைக் காணலாம். இதனைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சோதிக்க முடியும் என்பது பெரிய வசதி.

இரண்டாவது, இறக்கையின் உள்ளறைக்குள் பொருத்திய ரப்பர்ப் பை. பழைய செஸ்னா 182 விமானங்கள் பலவற்றில் இவ்வகை உண்டு. பெட்ரோல் நிறைந்திருக்கும்வரை இந்தப் பை நெகிழ்ந்திருக்கும். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தால் காய்ந்து சுருங்கி வெடிப்புக் காணும். ஆதலால், நெடுநாள் காலியாக வைக்க நேர்ந்தால் உட்புறத்தில் இயந்திர எண்ணெய் தடவி வைப்பார்கள். பை கிழிந்தால் அதனை வெளியே எடுத்து, அதற்கென உள்ள பட்டறையில் ஒட்டுப் போட வேண்டும். அல்லது புதுப்பை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, இறக்கையையே தொட்டியாக்கிய அமைப்பு. உலோக இறக்கை கொண்ட மூனி எம்20 விமானங்களும், 1990களின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்த செஸ்னா 172 விமானங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கே தனித் தொட்டி இல்லை. தகடுகள் சேரும் ஒவ்வொரு விளிம்பிலும், ஒவ்வொரு ரிவெட்டின் தலையிலும் உட்புறமாகப் பூசப்பட்ட பாலிசல்ஃபைடு என்னும் ரப்பர் போன்ற பசையே பெட்ரோலைத் தடுத்து நிறுத்துகிறது. கண்டுபிடிப்பதற்கு மிகவும் கடினமானது இத்தொட்டியின் கசிவே.

ஏன் கடினம்? வாடகை வீட்டின் மேல்மாடியில் மழை ஒழுகக் கண்டவர்களுக்கு இதன் விடை தெரியும். விரிசல் இருப்பது தளத்தின் ஒரு மூலையில். சொட்டு விழுவதோ நடுக்கூடத்து மின்விசிறிக் கொக்கியில். தண்ணீர் தனக்கு வசதியான வழியிலே ஊர்ந்து சென்று, முடிந்த இடத்தில் சொட்டுகிறது. பெட்ரோலும் அவ்வாறே செய்கிறது. தண்ணீரைவிட எளிதாகவும் செய்கிறது. உட்புறப் பசையில் ஏற்பட்ட ஊசிமுனைத் துவாரத்தின் வழியே நுழைந்து, இரண்டு தகடுகளுக்கு இடையே, ரிவெட்டு வரிசையின் ஓரமாக ஊர்ந்து, ஓர் அடி தள்ளி, எங்கோ ஒரு ரிவெட்டின் தலையில் தலைகாட்டுகிறது. கறை ஓரிடம், கசிவு வேறோரிடம்.

இவ்வுண்மையை அறியாதவர் கறை தெரியும் ரிவெட்டின்மேல் வெளிப்புறமாகப் பசையை அப்பிவிடுவார். அன்று மாலை சொட்டு நின்றுவிடும். மறுவாரம் அடுத்த ரிவெட்டில் தோன்றும். வெளிவாயை அடைத்தாரேயன்றி உள்வாயை அடைக்கவில்லை. அதனினும் கேடு, வெளிவழி அடைபட்ட பெட்ரோல் இறக்கைக்குள்ளேயே வேறு வழி தேடிப் பயணிகள் அறையின் பக்கம் சென்றுவிடலாம். முன்பு திறந்த இடத்துக் கறையாக இருந்தது, இப்போது மூடிய இடத்துக் கசிவாகிவிட்டது. வெளிப்பூச்சு நோயை ஆற்றவில்லை. நோயின் அறிகுறியை மறைத்துவிட்டது.

உள்வாயைக் கண்டுபிடிக்கும் முறை சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதை ஒத்தது. முதலில் பெட்ரோலை முழுதும் வடித்துவிட வேண்டும். இது திறந்த வெளியில், விமானத்தையும் வடிகலத்தையும் கம்பியால் இணைத்துத் தரையோடும் தொடர்புபடுத்திச் செய்ய வேண்டிய வேலை. இல்லையேல் பாயும் பெட்ரோலில் உண்டாகும் நிலைமின்சாரமே பொறியாகிவிடும். வடித்து முடித்த தொட்டி, நிறைந்த தொட்டியைவிட அபாயகரமானது; அதில் பெட்ரோல் இல்லை, ஆவியும் காற்றும் உண்டு. எனவே ஆவியைக் காற்றோட்டத்தாலோ, தீயை வளர்க்காத வாயுவாலோ வெளியேற்றி, அளவுகருவியால் சோதித்து உறுதி செய்த பின்னரே மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாம். விளக்கும் பொறி எழாத வகையினதாய் இருத்தல் வேண்டும்.

அடுத்து, திறப்புகளை அடைத்து, மிகக் குறைந்த காற்றழுத்தத்தைத் தொட்டிக்குள் செலுத்துவார்கள். சதுர அங்குலத்திற்கு அரை பவுண்டு என்பது வழக்கமான அளவு. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம் உண்டு. ஆகவே ஒரு சதுர அடித் தகட்டின்மேல் விழும் சுமை 72 பவுண்டு. சைக்கிள் பம்பைக் கொண்டு மனம்போல் அடித்தால் இறக்கையே உப்பிச் சிதைந்துவிடும். அழுத்தம் சீராக நின்றதும் இணைப்புகளின்மேல், உலோகத்தை அரிக்காத நுரைநீரைத் தடவுவார்கள். எங்கே குமிழி எழுகிறதோ அங்கே வழி உண்டு. சில வேளைகளில் முறையை மாற்றிக் கொள்வார்கள். கறை கண்ட இடத்தில் வெளியிலிருந்து காற்றைச் சிறிதளவு செலுத்தி, தொட்டியின் உட்புறத்தில் நுரை தடவிப் பார்ப்பார்கள். உள்ளே குமிழி எழும் இடமே உண்மையான உள்வாய்.

இடம் தெரிந்தபின் செய்வது பொறுமைக்குரிய வேலை. கெட்டுப்போன பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். இரும்புக் கத்தியால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும். கீறலில் துருவும் பின்னர் விரிசலும் தோன்றும். ஆதலால் கடினமான பிளாஸ்டிக்கினால் அல்லது மரத்தினால் ஆன கருவியே தக்கது. சுரண்டிய இடத்தை எண்ணெய்ப் பசை துளியும் இல்லாதபடி கரைப்பானால் கழுவி, அது தானே காய்வதற்குள் தூய துணியால் துடைக்க வேண்டும். காய விட்டால் கரைந்த அழுக்கு மீண்டும் தகட்டிலேயே படிந்துவிடும். பின்னர், இரு கூறுகளாக வரும் பசையைக் குறித்த விகிதத்தில் கலந்து, முதலில் தூரிகையால் மெல்லப் பூசி, அதன்மேல் விளிம்பு முழுவதும் வரம்பு கட்டியதுபோல் பூச வேண்டும். காற்றுக் குமிழி உள்ளே அகப்படலாகாது.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். பசை இறுகும் காலம் அதன் வகையையும், வெப்பத்தையும், காற்றின் ஈரத்தையும் பொறுத்தது. டில்லியின் தை மாதக் குளிரில் இறுகும் வேகம் வேறு. சித்திரை வெயிலில் வேறு. மேற்புறம் தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும். உள்ளே இன்னும் இளகியிருக்கும். அவசரப்பட்டுப் பெட்ரோல் ஊற்றினால் செய்த வேலையனைத்தும் வீண். இறுகியபின் மீண்டும் அழுத்தச் சோதனை செய்து, பெட்ரோல் நிரப்பி நிறுத்திவைத்து, மறுபடியும் கறை தோன்றுகிறதா என்று பார்த்த பின்னரே வேலை முடிந்ததாகக் கருத வேண்டும். பழைய விமானம் ஒன்றில் ஒரு கசிவை அடைத்தவுடன் மற்றொன்று தோன்றிக்கொண்டேயிருந்தால், பசை முழுவதும் ஆயுள் முடிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்போது பழைய பசை அனைத்தையும் நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசுவதே சிக்கனம்.

இங்கே மற்றோர் எச்சரிக்கையும் பொருந்தும். இன்று நம் நாட்டுச் சாலை வாகனங்களுக்கான பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலுக்கென அமையாத பழைய ரப்பர் வளையங்களையும் பசைகளையும் அது கெடுக்கக்கூடும். விலை குறைவு என்று கருதி, அனுமதி பெறாத விமானத்தில் அதனை ஊற்றுவது கசிவை நாமே வரவழைப்பதாகும்.

வானத்தில் கசிவு நேர்ந்தால் என்ன செய்வது? இதற்குச் சிறந்த பாடம் ஒரு பெரிய விமானத்திலிருந்து கிடைத்தது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் டொரான்டோவிலிருந்து லிஸ்பனுக்குச் சென்ற ஏர் டிரான்சாட் விமானத்தில், வலப்புற இயந்திரத்தின் எரிபொருட் குழாயோடு வேறொரு குழாய் உராய்ந்ததால் விரிசல் கண்டது. ஒரு பக்கம் எரிபொருள் குறைவதைக் கண்ட விமானிகள், மறுபக்கத்து எரிபொருளை அப்பக்கம் திருப்பிவிட்டனர். நல்ல தொட்டியில் இருந்ததும் விரிசலின் வழியே கடலில் கொட்டியது. இரண்டு இயந்திரங்களும் நின்றபின், விமானம் காற்றில் சறுக்கிச் சென்று அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. அதிலிருந்த 306 பேரும் பிழைத்தனர். ஒரு பக்கம் காரணமின்றிக் குறைந்தால், கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை மறுபக்கத்தைக் கொண்டு அதனை ஈடுகட்டலாகாது என்பதே அதன் பாடம். சிறு விமானத்திலோ அளவுமுள்ளை மட்டும் நம்புதல் போதாது. மணிக்கு எத்தனை லிட்டர் செலவாகும் என்பது விமானிக்குத் தெரியும். கைக்கடிகாரத்தையும் முள்ளையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தால் கசிவு நெடுநேரம் ஒளிந்திருக்க இயலாது. அறைக்குள் பெட்ரோல் வாடை வீசினால், தேவையற்ற மின் விசைகளைத் தொடாமல், காற்றுத் துவாரங்களைத் திறந்து, அருகிலுள்ள தளத்தில் இறங்கிவிட வேண்டும்.

தொட்டியைத் திறந்து பசை பூசும் வேலையை நம் நாட்டில் எவரும் தம் விருப்பப்படி செய்து முடித்துவிட முடியாது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பார்த்து, செய்த வேலையை ஏட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பியே, முன்பின் அறியாத ஒரு மாணவன் மறுநாள் காலையில் தனியே மேலெழும்புகிறான். பயிற்சியில் இருக்கும் நம் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: நீலக் கறையைக் கண்டால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். துடையுங்கள், அரை மணி நேரம் நின்று பாருங்கள், கண்டதை ஏட்டில் எழுதுங்கள். வாடை மட்டும் வந்து கறை தென்படாவிட்டாலும் இயந்திரத்தை முடுக்காமல் பொறியாளரை அழையுங்கள். அதனால் ஒரு நாள் பறப்பு தவறலாம். அந்த நாளைப் பிறகு ஈடுசெய்துகொள்ளலாம்.